ட்ரெய்லர் விளக்கு எரியுதா என்று கேட்காதீர்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நான் வேலையை விட்ட அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். வாய் நிறையக் கேக் இருந்தபடியால் தப்பிவிட்டேன். இப்போது வீட்டில் இருக்கிறேன், கேக் இல்லை, நேரம் இருக்கிறது. மெல்பேர்ணில், டண்டினொங்கில் ஒரே கராஜில் இருபத்தொரு வருடம் காருக்கு இழுவைக் கொக்கி பூட்டி, ட்ரெய்லருக்கு வயர் இழுத்தவள் நான். எந்த நிற வயர் எதற்கு என்று இந்தக் கடிதத்தில் தேடாதீர்கள். அது சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் சிரிப்பதற்கு ஒன்று.

நான் சேர்ந்த வருடம். படகு இழுக்கும் கார் ஒன்று வந்தது. அப்போதிருந்த போர்மன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, விளங்கியதா என்று கேட்டார். பாதி விளங்கவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் மெனக்கெட்டுச் சொல்லித்தந்த பிறகு விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாமா? நாங்கள் அப்படியா வளர்ந்தோம்? "யெஸ்" என்றேன். தலையையும் ஆட்டினேன். ஒரு வயர் மிஞ்சியது. எதற்கென்று தெரியாததால் அழகாகச் சுருட்டி, டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டேன்.

பின்னால் எடுக்கும்போது ட்ரெய்லரின் பிரேக்கை விடுவிக்கிற வயர் அது. அது இல்லாவிட்டால் முன்னால் எங்கேயும் போகலாம், பின்னால் ஓர் அடி போகமுடியாது. படகைத் தண்ணீருக்குள் எப்படி இறக்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் எடுத்துத்தான். அந்த மனிதர் கோடை விடுமுறையின் முதல் நாள் காலையில், படகு இறக்கும் சரிவில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மற்றப் படகுக்காரர்கள் வரிசையாக நின்று அவருடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

போர்மன் என்னைத் திட்டவில்லை. "எந்தப் பாதி விளங்கவில்லை என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்டது பிழையான கேள்வி" என்றார். அவர் என்னை விட்டுவிட்டாரே என்ற நிம்மதியில் அந்த வசனத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

இனிச் சிரிப்பு இல்லாதது. எழுதும்போது நடுவில் எழுந்துபோய் இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதையும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்று மூன்றாம் மாதம், என் கணவருடைய அக்காவின் மகளுக்குக் கலியாணம். அக்கா எனக்கு மச்சாள். நல்ல மனிசி, கொஞ்சம் சகுனம் பார்க்கிற மனிசி. ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம், கேரம் டவுன்ஸ் கோவில் மண்டபத்தில். மணவறை முதல் நாளே போய்விட்டது. வாசலில் கட்டுவதற்கு இரண்டு வாழை மரங்கள், குலையோடு, குவீன்ஸ்லாந்திலிருந்து லொறியில் மெல்பேர்ண் வந்திறங்கியவை, அன்று காலைதான் போகவேண்டும். கூடவே குத்துவிளக்குகள், பலகாரப் பெட்டிகள், வரவேற்புப் பலகை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய கம்பிக்கூட்டு ட்ரெய்லரைத் தந்தார். இழுப்பது என் மகள் ஆரபியின் சின்னக் கார். அதற்குக் கொக்கி பூட்டி வயர் இழுத்தது வேறு யார்? நான்தான். கராஜில் நான் செய்த கடைசி வேலைகளில் ஒன்று. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆரபிக்கு இருபத்திரண்டு வயது. காரில் இன்னும் புது ஓட்டுநர்களுக்கான பச்சை "பி" ஒட்டியிருக்கிறது. இதற்கு முன் இரண்டு தரம்தான் ட்ரெய்லர் இழுத்திருக்கிறாள், இரண்டு தரமும் குப்பை கொட்டும் இடத்துக்கு.

"நான் ஓட்டட்டே?" என்று கேட்டேன்.

"அம்மா, ரிலாக்ஸ். என்ர கார், நான் ஓடுவன். நீங்கள் மாமியைக் கூட்டிக்கொண்டு பின்னால வாங்கோ."

ஏழு மணிக்குள் வெளிக்கிட வேண்டும், அதற்குப் பிறகு இராகு காலமோ குளிகையோ ஏதோ ஒன்று வருகிறது என்று மச்சாள் சொல்லியிருந்தா. ஆரபி வாழை மரத்துக்குக் கடைசிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மரங்களை நிமிர்த்திக் கட்டியிருந்தோம். இலைகளும் வரவேற்புப் பலகையும் சேர்ந்து காரின் பின்பக்கத்தை முழுதாக மறைத்துவிட்டன. வாழைத் தோட்டம் ஒன்று தெருவுக்கு நடந்து வந்ததுபோல இருந்தது. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்தேன். காரின் சொந்த விளக்குகளும் மறைந்துவிட்டன என்று யோசிக்கவில்லை.

நேரம் இல்லை. நான் ஆரபியின் காருக்குள் ஏறிப் பிரேக்கை அழுத்தினேன். மச்சாள் ட்ரெய்லருக்குப் பின்னால் பட்டுச் சேலையோடு நின்றா.

"மச்சாள், பிரேக் லைற் எரியுதா?"

"ஓம், எரியுது."

"இடப் பக்கம்?"

"ஓம் ஓம்."

"வலம்?"

பதில் உடனே வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

"எல்லாம் நல்லா இருக்கு வதனி. நேரம் போகுது, நல்லபடியா வெளிக்கிடுங்கோ."

அந்த ஒரு மூச்சு நேரத்தை நான் கேட்டேன். இல்லை என்று சொல்லமாட்டேன். கராஜில் யாராவது வாடிக்கையாளர் பதிலை இப்படி இழுத்திருந்தால் இறங்கிப்போய் என் கண்ணால் பார்த்திருப்பேன். இது வீடு, இது மச்சாள், இது கலியாணம். இறங்கவில்லை.

ஃப்ரீவேயில் ஏறினோம். ஆரபி முன்னால், நான் பின்னால். என் பக்கத்தில் இவர். பின் சீற்றில் மச்சாள், மடியில் நிறைகுடத்துக்கான செம்பு. வெள்ளிக்கிழமைக் காலை, டண்டினொங் களஞ்சியங்களிலிருந்து கிளம்பிய லொறிகள் எங்களைச் சுற்றிலும். மச்சாள் எந்தச் சம்பந்தி எப்போது என்ன சொன்னா என்று விளக்கிக்கொண்டிருந்தா.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. முன்னால் போகிற வாழை இலைகள் பெரிதாவதுபோல இருந்தது. அவ்வளவுதான். முன்னால் ஒரு வாகனம் விளக்கு எரியாமல் வேகம் குறைத்தால், அது குறைப்பது உங்களுக்குத் தெரியாது. அது பெரிதாவது மட்டும்தான் தெரியும். பெரிதாகிறதே என்று மூளை யோசிக்கத் தொடங்கும்போது பாதித் தூரம் போய்விடும். நான் பிரேக்கை மிதித்தேன். மச்சாளின் செம்பு முன் சீற்றின் முதுகில் மோதியது.

"என்ன வதனி?"

"அவளுக்குப் பிரேக் லைற் இல்லை."

அடுத்த தரம் ஆரபி வேகம் குறைத்தபோது உற்றுப் பார்த்தேன். இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

இவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "சொல்லட்டே அவளுக்கு?"

"எடுக்காதேங்கோ!"

"ஏன்? ஓரத்தில நிப்பாட்டச் சொல்லுவம்."

"நிப்பாட்ட எதை அமத்துவாள்? பிரேக்கை. பின்னால வாறவனுக்கு அது தெரியுமே?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் என் தலைக்குள் என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லமுடியாது. ஒழுங்காக நடக்கவில்லை. போன் எடுத்தால் அவள் பதறுவாள். முந்திப்போய்க் கைகாட்டினால், என்னைக் கண்டு பிரேக் அடிப்பாள், அவளுக்குப் பின்னால் அப்போது யார் இருப்பார்கள்? ஒரு லொறி. அந்தப் பகுதியில் ஓரப் பாதையும் ஒடுக்கம், ட்ரெய்லரோடு அங்கே நிற்பது ஓடுவதைவிட மோசம். எதைச் செய்தாலும் அவளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வருவார். அந்த யாரோ ஒருவர் நானாக இருந்தால் மட்டும்தான் அவளுக்கு வெளிச்சம் உண்டு.

ஆகவே நான் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குப் பின்னாலேயே போனேன். நாலு சிக்னலையும் ஒன்றாக மின்ன விட்டேன். என் காரை நிறுத்தத் தேவையான இடத்தை விட்டு, அவள் குறைக்கிறாளோ இல்லையோ, முன்னால் வாகனங்கள் நெருங்குவதைக் கண்டவுடனே என் பிரேக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டு எனக்குப் பின்னால் வந்த லொறிக்குக் காட்டினேன். அவளுடைய பிரேக் விளக்கு அன்று என் காரின் பின்பக்கத்தில் இருந்தது.

"நீர் செய்யிறது சரியோ?" என்று இவர் கேட்டார்.

"தெரியாது. கதைக்காதேங்கோ."

பின் சீற்றில் சம்பந்திக் கதை எப்போதோ நின்றுவிட்டது.

"மச்சாள்," என்றேன், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிக்கிடேக்க பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"வலப் பக்கம் எரிஞ்சதா?"

"இல்லைப் பிள்ளை." குரல் செம்புக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. "வலப் பக்கம் அப்பவே இல்லை. பொம்பிளைப் பிள்ளையின்ர கலியாணத்துக்குக் காலடி எடுத்து வைக்கிற நேரம், விளக்கு எரியேல்லை எண்டு என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது? இடம் எரிஞ்சதுதானே, ஒண்டு காணும் எண்டு நினைச்சன்."

இவர் வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன். மூடிவிட்டார். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தரம்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைப் பிறகு படலாம் என்று எடுத்து வைத்தேன். நெருக்கடியில் கோபம் ஒரு பயணியைப்போல. ஏற்றலாம், ஆனால் ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடாது.

இறங்கும் பாதைக்கு இன்னும் கொஞ்சத் தூரம். பின்னால் வந்த லொறிக்காரருக்கு விளங்கிவிட்டது. அவரும் இடைவெளி விட்டுத் தானும் நாலு சிக்னலைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மனிதர் யாரென்று தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அப்போதுதான் வலப்பக்கப் பாதையில் ஒரு யூட், பின்பக்கம் திறந்த சின்ன லொறி, வந்தது. என்னுடைய மெதுவும் மின்னலும் அவருக்குப் பிடிக்கவில்லை. முந்தி வந்து, எனக்கும் ஆரபிக்கும் நடுவில், நான் சேமித்து வைத்திருந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டார்.

அதே நேரத்தில் இறங்கும் பாதையில் வாகனங்கள் நின்றுவிட்டன.

ஆரபி குறைத்தாள். எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான் வாழை இலையைப் பார்க்கப் பழகியிருந்தேன். யூட்காரர் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் போவது கலியாண வாசல், அவ்வளவுதான். நான் ஹோர்னில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. இவர் "ஐயோ பிள்ளை" என்றார். மச்சாள் எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டா என்று தெரியாது, எல்லாரையும் கூப்பிட்டிருப்பா.

யூட்டின் பின்பக்கம் தூக்கியது. டயர் புகைந்தது. இடது பக்கம் வெட்டி, ஓரத்தில் சரளைக்கல்லில் இறங்கி, ட்ரெய்லரின் மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. எவ்வளவு பக்கத்தில் என்று கேட்காதீர்கள். ஒரு வாழை இலை அவருடைய ஜன்னலைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் இறங்கவில்லை. கையால் எனக்கு ஒன்றைக் காட்டினார். அதைக் கடிதத்தில் எழுதமுடியாது. காட்டிவிட்டு, பிறகு ட்ரெய்லரைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

இன்னமும் முன்னால் ஒரு ட்ரெய்லர் போனால், நான் பயணியாக இருந்தாலும் என் வலது கால் தரையை அழுத்துகிறது.

இறங்கியவுடன் சந்தியில் சிவப்பு விளக்கு. நான் அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன். நான் வாயைத் திறக்க முதல் அவள் தொடங்கிவிட்டாள்.

"வை ஆர் யூ ஹோர்னிங் அட் மீ, அம்மா? நான் ஸ்லோவாத்தானே போறன்! முழுத் தூரமும் பின்னால ஒட்டிக்கொண்டு வாறீங்கள், ஹசார்ட் லைற் வேற. எம்பரஸிங்!"

"அங்கால பெற்றோல் ஷெட்டில திருப்பு, பிள்ளை," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பெற்றோல் ஷெட்டில் ட்ரெய்லருக்குக் கீழே குனிந்தேன். பழுது பெரிதாக ஒன்றும் இல்லை, எப்போதும் சின்னதுதான். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயர், துருப்பிடித்த சட்டத்தில் ஒரு துளையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தட்டுத் தடுமாறித் தொட்டுக்கொண்டு நின்றது, ஃப்ரீவே குலுக்கலில் விட்டுவிட்டது. சுரண்டி, இறுக்கினேன். ஸ்க்ரூ இரண்டு தரம் விழுந்தது. ஆரபி குனிந்து அதை எடுத்துத் தந்தாள். அவளுக்கு அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"அப்ப நீங்கள்..." என்றாள். "பின்னால வந்தது அதுக்கோ?"

"பின்ன உன்ர ட்ரைவிங் பாக்கவே?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிரீஸ் பட்ட என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். கலியாணத்துக்குக் கட்டியிருந்த இரண்டு பேருடைய சேலையும் போச்சு.

சோதிக்கவேண்டும். அவள் காருக்குள் ஏறினாள். நான் பின்னால் போய் நிற்கப் போனேன். ஆனால் மச்சாள் காரை விட்டு இறங்கி, செம்பை இவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டா.

"நான் பாக்கிறன்," என்றா.

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்ற பார்வை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனிசியின் கண்ணைப் பார்த்தேன். இன்று அவவை நான் ஒதுக்கினால் தன் மகளின் கலியாணம் முழுக்க அவ ஒரு மூலையில்தான் நிற்பா. அதோடு, பிழை அவ சொன்ன பதிலில் மட்டும் இல்லை. எரியுதா என்று கேட்டேன். நல்ல காரியத்துக்கு நிற்கும் ஒரு தாயிடம், ஒரே ஒரு பதில் மட்டும் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டேன்.

"மச்சாள், ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றேன். "எந்தப் பக்கம் லைற் தெரியுதோ அந்தப் பக்கக் கையை மட்டும் தூக்குங்கோ. நான் காருக்குப் பக்கத்தில நிக்கிறன்."

"பிரேக்!" என்று கத்தினேன்.

மச்சாளின் இடது கை மேலே போனது. வலது கை சேலை மடிப்போடு ஒட்டியபடி இறங்கியே இருந்தது. உதடு இறுக்கி மூடியிருந்தது. சொல்லவில்லை. எரியவில்லை என்ற சொல்லை அந்த இடத்தில் அவ கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் கையையும் தூக்கவில்லை.

பல்ப் ஒன்று போயிருந்தது. கடைக்குள் இருந்தது, வாங்கி மாற்றினேன். திரும்பவும் "பிரேக்!" இரண்டு கையும் ஒரேயடியாகத் தலைக்கு மேலே போயின. பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

இதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கலாம், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கலாம். நாங்கள் எல்லாரும் "ஓம்", "ஆமா" என்று தலையாட்டி வளர்ந்த ஆட்கள். மேலதிகாரிக்கு ஓம், வாடிக்கையாளருக்கு ஓம், நல்ல நாளில் எல்லாவற்றுக்கும் ஓம். அதை மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். அந்த மரியாதையை விடச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் கேள்வி, எதிரில் நிற்பவர் மரியாதையைக் கைவிடாமல் உண்மையைச் சொல்ல இடம் விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். எரியுதா என்று கேட்காதீர்கள். எது தெரிகிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். பதில் வர ஒரு மூச்சு நேரம் பிந்தினால், யாருடைய கலியாணமாக இருந்தாலும், இறங்கிப் போய்ப் பாருங்கள்.

பெற்றோல் ஷெட்டை விட்டு வெளிக்கிடும்போது நான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் நிற்கப் போனேன்.

"அம்மா, நீங்கள் முன்னால போங்கோ," என்றாள் ஆரபி. "மாமி முதல்ல போய் வாசல்ல நிக்கவேணும்."

"நீ?"

"எனக்குத்தான் இப்ப லைற் இருக்கே."

முன்னால் போனேன். கோவில் வரை பத்து நிமிடம் இருக்கும். பின் கண்ணாடியில் அவளுடைய கார் சின்னதாக, அதற்கு மேலே வாழை இலைகள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு வந்தன.

"நீர் ரோட்டைப் பாத்து ஓடுறீரோ, கண்ணாடியைப் பாத்து ஓடுறீரோ?" என்று இவர் கேட்டார்.

"இரண்டையும்தான்," என்றேன்.

பின் சீற்றிலிருந்து மச்சாள் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னா: "வாறாள் பிள்ளை. வடிவா வாறாள்."